நெடுஞ்சாலையை விட்டு இறங்குவோம்: அமைதியான கிராமப்புறச் சாலைப் பயணம், முதன்முறை போகிறவர்களுக்கு

காரில் ஊர்சுற்றக் கிளம்பும் பலரும் போய்ச் சேரும் இடத்தைத்தான் முதலில் முடிவு செய்கிறார்கள். கிராமப்புறப் பயணத்துக்கு நான் முதலில் சாலையைத் தேர்ந்தெடுக்கச் சொல்வேன். பெயர் தெரியாத ஓர் ஏரிக்கரையில் அரை மணி நேரம் உட்கார வைப்பது அந்தச் சாலைதான்.

படி 1: வரைபடத்தோடு ஒரு மாலைப்பொழுது

கூகுள் மேப்ஸில் வழி கேட்டால் பெரும்பாலும் வேகமான வழியே முன்னால் வரும். நெடுஞ்சாலைகளைத் தவிர்க்கும் வசதி அதில் உண்டு, அதை இயக்குங்கள். அப்புறம் செயற்கைக்கோள் படத்துக்கு மாறி, அந்தக் கோட்டை மெதுவாகத் தொடர்ந்து போங்கள். ஆற்றை ஒட்டி வளையும் சாலையும் காட்டின் விளிம்பும் வயல்வெளியும் அதிலேயே தெரிந்துவிடும்.

மலைப்பகுதி என்றால் உயரக் கோடுகள் (ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்) உள்ள வரைபடத்தையும் பாருங்கள். கோடுகள் நெருங்கியிருந்தால் சரிவு அதிகம். சாலை அவற்றை வெட்டிக்கொண்டு போனால் ஏற்றமோ இறக்கமோ இருக்கிறது. அவற்றை ஒட்டியே போனால் மலையின் இடுப்பைச் சுற்றிக் கிட்டத்தட்ட சமமாகப் போகிறது. பெரும்பாலும் ஒரு பக்கம் பள்ளத்தாக்கு திறந்திருக்கும். எனக்குப் பிடித்த சாலைகள் எல்லாம் இப்படிப்பட்டவைதான். ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச இணைய வரைபடத்தில் வயல், காட்டு மண்பாதைகள் விட்டுவிட்டுப் போகும் கோடுகளாகத் தெரியும். சாதாரண கார் என்றால் அவற்றைத் தவிர்த்துவிடுங்கள்.

படி 2: தூரத்தை மணிக்கணக்காக மாற்றுங்கள்

சின்னச் சாலையில் மணிக்கு 35 கிலோமீட்டர் சராசரி என்று வைத்துக்கொண்டால் 150 கிலோமீட்டருக்கு நாலே கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். நின்று பார்க்கும் நேரம் தனி. முதல் பயணத்துக்கு போக வர சேர்த்தே 150 போதும்.

படி 3: சிக்னல் போகும் என்றே நினைத்துக்கொள்ளுங்கள்

வரைபடத்தை முன்கூட்டியே பதிவிறக்கி வையுங்கள். இணையம் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் உங்கள் இடத்தைக் காட்டும். ஆனால் பதிவிறக்காத வரைபடம் திரையில் வெறும் கட்டமாகத்தான் நிற்கும். எந்த வழியில் போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள்.

படி 4: வண்டி

டயர் காற்றை வண்டி ஓடிச் சூடாவதற்கு முன்பே பார்க்க வேண்டும். ஸ்டெப்னியையும் சேர்த்துப் பாருங்கள். எரிபொருள் பாதிக்குக் கீழே இறங்கினால் அடுத்த பங்கிலேயே நிரப்புங்கள். அவ்வளவுதான்.

படி 5: சாலையில்

விடிந்ததும் கிளம்புங்கள். காலை வெயில் சாய்வாக விழும்போது நிலத்தின் மேடு பள்ளமெல்லாம் நிழலோடு எழுந்து நிற்கும். நண்பகலில் அதே இடம் தட்டையாகிவிடும்.

இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வராதீர்கள், சூடேறினால் அதன் பிடி குறைந்துவிடும். கியரைக் குறைத்து எஞ்சினை இழுத்துப் பிடிக்க விடுங்கள். ஒற்றை வழிச் சாலையில் எதிரே வண்டி ஏறி வந்தால், முடிந்தவரை அதற்கு வழிவிடுங்கள். ஏற்றத்தில் நின்று மறுபடி கிளம்புவது சிரமம். உள்ளூர்க்காரர் அவசரமாகப் பின்னால் வந்தாலும் அகலமான இடம் பார்த்து ஒதுங்குங்கள். நமக்கு வேடிக்கையான சாலை அவருக்கு அன்றாட வழி.

நிற்கும்போது வளைவில் நிற்க வேண்டாம், வயலுக்குள் போகும் வழியை அடைக்கவும் வேண்டாம். எஞ்சினை அணையுங்கள். ஐந்து நிமிடம் பேசாமல் இருந்தால், வண்டிச் சத்தத்தில் அடங்கிய பறவைகள் மறுபடி கூப்பிடத் தொடங்கும். இதற்காகத்தான் நான் போகிறேன்.

படி 6: திரும்பும் நேரம்

இருட்டுவதற்குள் பெரிய சாலைக்கு வந்துவிடும்படி கணக்குப் போடுங்கள். அந்தி வேளையில் விலங்குகள் சாலையைக் கடப்பது அதிகம். போன வழியே திரும்ப நேர்ந்தால் வருந்தாதீர்கள். காலையில் முதுகுக்குப் பின்னால் இருந்த மலை இப்போது முன்கண்ணாடி முழுக்க நிற்கும்.