ஒரு கிடார், ஒரு பெடல், ஒரு ஆம்ப்: ஆல்டர்நேட்டிவ் ராக் சத்தத்துக்கு முதல் வழி

பாளையங்கோட்டைப் பக்கம் கிடார் பிடிக்கிற பிள்ளைகளில் நிறையப் பேர் சர்ச் பாடகர் குழுவில்தான் தொடங்கியிருப்பார்கள். ஜி, சி, டி, ஈ மைனர் எல்லாம் கைக்கு வந்திருக்கும். வீட்டில் ஒரு அக்கூஸ்டிக் கிடார் இருக்கும். அப்புறம் ஒரு நாள் நிர்வாணா, ரேடியோஹெட் மாதிரி ஓர் ஆல்டர்நேட்டிவ் ராக் குழுவின் பாட்டு காதில் விழும். இந்தச் சத்தத்தை எப்படிக் கொண்டுவருகிறார்கள் என்று தூக்கம் கெடும். அந்த இடத்தில் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

மெல்ல வாசிக்கும் இடத்துக்கும் ஓங்கி அடிக்கும் இடத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் இந்த இசைக்கு உயிர். 1986இல் பாஸ்டனில் தொடங்கிய பிக்ஸீஸ் குழு இதைத் தன் பாணியாகவே ஆக்கிக்கொண்டது. அவர்களைப் போலச் செய்யத்தான் பார்த்தேன் என்று நிர்வாணாவின் பாடகர், கிடாரிஸ்ட் கர்ட் கொபேன் பேட்டியில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். நமக்கு இது புதிதும் இல்லை. கொடை விழாவில் வில்லுப்பாட்டு கேட்டவர்களுக்குத் தெரியும்: அண்ணாவி தணிந்த குரலில் கதை சொல்லிக்கொண்டே வருவார், சட்டென்று வீசுகோல் வில்லில் விழ, உடுக்கும் குடமும் சேர்ந்து எழும்போது உடம்பு சிலிர்க்கும். தணிந்த குரல் இல்லாவிட்டால் அந்தச் சிலிர்ப்பு வராது. கீழே சொல்கிற ஒவ்வொரு படியும் இதற்காகத்தான்.

படி 1: என்ன வாங்குவது

ஒரு எலக்ட்ரிக் கிடார், ஒரு டிஸ்டார்ஷன் பெடல் (காலால் மிதித்தால் ஒலியைக் கரகரப்பாக்கும் சிறு பெட்டி), 10 அல்லது 20 வாட் பயிற்சி ஆம்ப் (கிடார் ஒலியைப் பெருக்கும் ஸ்பீக்கர் பெட்டி), இரண்டு கேபிள். இவ்வளவு போதும். நம்ம ஊர்க் கடைகளில் அக்கூஸ்டிக்கும் கீபோர்டும்தான் அதிகம். பெடலுக்கு இணையத்தையோ சென்னையையோ நம்ப வேண்டியிருக்கும்.

கிடாரில் பார்க்க வேண்டியது பிக்கப். கம்பிகளுக்கு அடியில், காந்தத்தைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பி சுற்றிய பாகம் அது. கம்பி அதிரும்போது அதில் சிறு மின்சாரம் பிறக்கிறது. ஒரே சுருள் உள்ள சிங்கிள் காயில் தெளிவாகக் கேட்கும், ஆனால் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ‘ம்ம்ம்’ இரைச்சலையும் சேர்த்துப் பிடிக்கும். இரண்டு சுருள் உள்ள ஹம்பக்கர் அந்த இரைச்சலை அடக்கிவிடும், சத்தமும் தடிமனாக இருக்கும். பிரிட்ஜ் பக்கம், அதாவது கம்பிகள் கிடாரின் உடலில் முடியும் பக்கம், ஒரு ஹம்பக்கரும் மற்ற இடங்களில் சிங்கிள் காயிலும் உள்ள கிடாரே முதல் கிடாருக்குச் சரி என்பது என் கருத்து. மெல்லிய பகுதிக்கு ஒன்று, ஓங்கி அடிக்க ஒன்று என்று இரண்டும் கிடைக்கும். யமஹா பசிஃபிகா, ஸ்கொயர் கிடார்கள் சிலவற்றில் இந்த அமைப்பு உண்டு. கொபேன் வாசித்த ஜாகுவார், மஸ்டாங் மாதிரி வேண்டும் என்று மனசு ஆசைப்படும். எனக்கும் அந்த ஆசை உண்டு. அது அடுத்த கிடாராக இருக்கட்டும்.

பெடலுக்கு பாஸ் (Boss) நிறுவனத்தின் டிஎஸ்-1. 1978இல் வந்தது, இன்றும் விற்பனையில் இருக்கிறது, கொபேன் காலடியிலும் இருந்தது. ஸ்மாஷிங் பம்ப்கின்ஸ் குழுவின் கனத்த சுவர் போன்ற சத்தம் பிடிக்கும் என்றால் பிக் மஃப் வகைப் பெடலுக்குப் போகலாம்.

படி 2: கம்பியும் சுருதியும்

10-46 அளவுக் கம்பி போடுங்கள் (மெல்லிய கம்பி, தடித்த கம்பி இரண்டின் தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு கணக்கில்). ஓங்கி அடிக்கும்போது 9-42 கம்பி கொஞ்சம் தளர்ந்து சுருதி விலகும். சித்திரை வெயிலில் கை வேர்வையும், குற்றால சீசனில் தென்காசி, அம்பாசமுத்திரம் பக்கம் வீசும் சாரல் ஈரமும் கம்பியைச் சீக்கிரம் துருப்பிடிக்க வைக்கும். வாசித்து முடித்ததும் பழைய பருத்தி வேட்டித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் அடியிலும் மேலுமாகத் துடைத்துவிட்டு உறையில் வையுங்கள்.

தடித்த கம்பியிலிருந்து மெல்லிய கம்பி வரை ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. சுருதி பார்க்கக் கைபேசிச் செயலியே போதும். சுருதிக்குக் கீழே இறக்கி, அங்கிருந்து முறுக்கி ஏற்றியே நிறுத்துங்கள். மேலிருந்து தளர்த்தி நிறுத்தினால் கம்பி நிலைக்காது.

படி 3: இணைப்பு, எர்த்

கிடாரிலிருந்து வரும் கேபிள் பெடலின் வலப்பக்கம், பெடலின் இடப்பக்கத்திலிருந்து இன்னொரு கேபிள் ஆம்புக்கு. ஷீல்டு உள்ள கிடார் கேபிளாக இருக்க வேண்டும். மிக நீளமான கேபிள் வேண்டாம், கூர்மையான ஒலி வழியிலேயே தேய்ந்துவிடும். பெடலில் 9 வோல்ட் பேட்டரி போட்டிருந்தால், வாசிக்காத நேரத்தில் வலப்பக்கக் கேபிளைக் கழற்றிவிடுங்கள். அது செருகியிருக்கும் வரை பேட்டரி கரைந்துகொண்டே இருக்கும்.

அடுத்தது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். ஆம்ப் மூன்று முனைப் பிளக்கில்தான் ஓட வேண்டும், அந்தப் பாயின்டில் எர்த் இருக்க வேண்டும். பழைய வீடுகளில் மூன்றாவது துளை இருக்கும், உள்ளே கம்பி இருக்காது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஒரு முறை பார்த்துவிடுங்கள். மேடையில் இன்னும் கவனம் தேவை. கிடார் கம்பி கையில், உதடு மைக்கில் என்று நிற்கும்போது இரண்டில் ஒன்றுக்கு எர்த் சரியில்லை என்றால் மின்சாரம் உங்கள் உடம்பு வழியாகத்தான் போகும். 1972இல் ஸ்டோன் தி க்ரோஸ் குழுவின் கிடாரிஸ்ட் லெஸ் ஹார்வி, எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்தார். ஜெனரேட்டரில் ஓடும் விழாவாக இருந்தால் எர்த் அடித்திருக்கிறதா என்று கேளுங்கள். ஆம்புக்கும் மிக்சருக்கும் ஒரே போர்டிலிருந்து கரண்ட் எடுக்கச் சொல்லுங்கள். டெஸ்டரால் மைக்கின் வலையைத் தொட்டுப் பார்த்த பிறகே பாட நில்லுங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

படி 4: முதலில் சுத்தமான சத்தம்

பெடலை அணைத்துவிடுங்கள். ஆம்பில் கெயின் (கூட்டினால் ஒலி கரகரக்கும் குமிழ்) குறைவாக, பேஸ், மிட், டிரெபிள் (அடி, நடு, உச்ச ஒலிகளுக்கான குமிழ்கள்) மூன்றும் நடுவில். ஒரு ஈ மைனரை ஒவ்வொரு கம்பியாக மீட்டிப் பாருங்கள். ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். அவசரப்படாமல் இங்கேயே கொஞ்ச நாள் இருங்கள். பாதிப் பாட்டு இந்தச் சத்தத்தில்தான் நடக்கப்போகிறது.

மிட்டைக் குறைக்காதீர்கள். அறையில் தனியாக வாசிக்கும்போது மிட் இல்லாத சத்தம் இனிமையாக இருக்கும். டிரம்ஸும் பேஸும் சேர்ந்ததும் உங்கள் கிடார் காணாமல் போய்விடும்.

படி 5: பெடலை அமர்த்துவது

டிஎஸ்-1இல் மூன்று குமிழ்: டோன், லெவல், டிஸ்ட். டிஸ்ட்டைக் கால் பங்கிலிருந்து பாதிக்குள் வையுங்கள். முழுக்கத் திருப்பத்தான் எல்லோருக்கும் ஆசை வரும். திருப்பினால் ஒலி நசுங்கி, மெல்ல அடித்தாலும் ஓங்கி அடித்தாலும் ஒரே அளவில் கேட்கும். டோனைப் பாதிக்குக் கீழே வைத்தால் காது குத்தாது.

லெவல்தான் முக்கியம். பெடலை அணைத்து ஒரு கார்டு அடியுங்கள், மிதித்து அதே கார்டை அடியுங்கள். மிதித்த பிறகு சத்தம் ஒரு படி ஏற வேண்டும். அதே அளவில் இருந்தால் ‘கரகர’ மட்டும் கூடும், எழுச்சி இருக்காது. ஏறும் வரை லெவலைத் திருப்புங்கள். பக்கத்து வீட்டுப் பெரியம்மா தூங்கும் நேரம் என்றால் ஆம்பின் வால்யூமைக் குறையுங்கள், இந்த விகிதத்தைத் தொடாதீர்கள்.

கிடாரிலேயே இருக்கும் வால்யூம் குமிழையும் பழகுங்கள். பெடல் போட்ட நிலையிலேயே அதைப் பாதிக்கு இறக்கினால் கரகரப்பு பெருமளவு அடங்கும். இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது ஒரு சத்தம் இப்படிக் கிடைக்கும்.

படி 6: கை

சர்ச்சில் அடித்த முழுக் கார்டை டிஸ்டார்ஷனில் அடித்தால் கலங்கிப் போகும். சுரங்கள் ஒன்றோடொன்று மோதி, வாசிக்காத சுரங்களையும் பெடல் உண்டாக்குவதுதான் காரணம். அதனால்தான் பவர் கார்டு: ஆதார சுரமும் அதன் ஐந்தாம் சுரமும் மட்டும், ச-வும் ப-வும். தடித்த ஈ கம்பியில் மூன்றாம் கட்டை (ஃபிரெட்), ஏ கம்பியில் ஐந்தாம் கட்டை, மற்ற கம்பிகளை விரலின் அடிப்பாகத்தால் தொட்டு ஊமையாக்குங்கள். இது ஜி. அப்படியே கையை நகர்த்தினால் எல்லா சுருதிக்கும் அதே வடிவம்.

பயிற்சி இதுதான். நான்கு சுற்று பெடல் இல்லாமல், ஒவ்வொரு கம்பியாக, மெல்ல. நான்காவது சுற்றின் கடைசித் தட்டில் கம்பிகளை உள்ளங்கையால் முழுக்க அமர்த்தி ஒரு கணம் மௌனம். அந்த மௌனத்தில் மிதியுங்கள். அடுத்த சுற்றின் முதல் தட்டில் பவர் கார்டு முழு வலுவோடு விழ வேண்டும். காலும் கையும் சேர்ந்து பழகக் கொஞ்ச காலம் ஆகும். தாளம் தட்டும் மெட்ரோனோமை மெதுவாக வைத்துத் தொடங்குங்கள்.

படி 7: மைக் செட்டோடு மேடையில்

கல்லூரி ஆண்டு விழாவோ கல்யாண மண்டபமோ, கிடாரை நேராக மிக்சரில் செருகச் சொல்வார்கள். டிஸ்டார்ஷன் பெடலை அப்படிச் செருகினால் தகரத்தைச் சுரண்டுவது மாதிரிக் கேட்கும். கிடார் ஆம்பின் ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள ஒலியைப் பெரும்பாலும் வெட்டிவிடுகிறது; பெரிய பாக்ஸ்கள் அதை அப்படியே கொட்டும். எனவே உங்கள் சிறிய ஆம்பை மேடைக்குக் கொண்டுபோய், அதன் முன் ஒரு மைக் வையுங்கள். ஷூர் எஸ்எம்57 இருந்தால் நல்லது, பாடுகிற மைக் இருந்தாலும் ஒப்பேற்றலாம். ஸ்பீக்கர் துணிக்கு மிக அருகில், நடுவிலிருந்து கொஞ்சம் ஓரமாக. நடுவில் வைத்தால் குத்தும், ஓரம் போகப் போக இருண்டு மிருதுவாகும்.

ஒலி சரிபார்க்கும்போது ஓங்கி அடிக்கும் பகுதியை முதலில் வாசித்துக் காட்டுங்கள்; அளவை அதற்கு வைக்கட்டும். பிறகு மெல்லிய பகுதி. அது வந்ததும் மைக் செட்காரர் கிடார் கேட்கவில்லை என்று நினைத்து மிக்சரில் ஒலி அளவைக் கூட்டும் ஃபேடரை ஏற்றுவார். அவர் தொழில் அக்கறை அது. நல்ல மனசோடுதான் செய்வார், ஆனால் நீங்கள் வீட்டில் உட்கார்ந்து அமைத்த வித்தியாசம் அத்தனையும் அந்த ஒரு விரல் அசைவில் போய்விடும். முன்கூட்டியே பக்கத்தில் போய்ச் சொல்லிவிடுங்கள்: “அண்ணாச்சி, நடுவுல கிடார் சத்தம் இறங்கும். வேணும்னுதான் இறக்குதேன். நீங்க ஏத்திராதீங்க, அடுத்து நானே ஏத்திருவேன்.”