ஒரு ஜிபிக்கு உண்மையில் எவ்வளவு? விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் கணக்குப் போடும் வழி

டிஸ்க் விலையை ஒப்பிடும்போது, பெட்டியில் போட்டிருக்கும் ஜிபியால் விலையை வகுத்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். நம் கோப்புகளுக்கு மிஞ்சும் இடத்தால் வகுக்க வேண்டும், அந்த இடம் ஓஎஸ்-க்கு ஓஎஸ் மாறும்.

முதலில் அலகு. ஒரே 1 டிபி டிஸ்க்கை விண்டோஸில் செருகினால் 931 ஜிபி என்று காட்டும், மேக்கில் 1 டிபி என்றே காட்டும். இடம் எங்கேயும் போய்விடவில்லை. டிஸ்க் செய்பவர்கள் 1000, 1000-ஆக எண்ணுகிறார்கள், 2009-இல் வந்த ஸ்னோ லெப்பர்ட் என்ற மேக் ஓஎஸ் பதிப்பிலிருந்து மேக்கும் அப்படித்தான். விண்டோஸோ 1024 கணக்கில் எண்ணிவிட்டு அதையும் ஜிபி என்றே எழுதுகிறது. லினக்ஸில் இரண்டும் உண்டு: டிஸ்க் இடத்தைக் காட்டும் டிஎஃப் (df) கட்டளைக்குச் சின்ன எச் (-h) கொடுத்தால் 1024 கணக்கு, பெரிய எச் (-H) கொடுத்தால் 1000 கணக்கு. அதனால் எங்கே பார்த்தாலும் பைட் எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். விண்டோஸில் டிரைவ் மேல் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸுக்குப் போனால் ஜிபிக்குப் பக்கத்திலேயே இருக்கும், மேக்கில் டிஸ்க் யுடிலிட்டி காட்டும். அதை 100 கோடியால் வகுத்தால் மூன்றுக்கும் பொதுவான ஜிபி கிடைத்துவிடும்.

அப்புறம் ஓஎஸ் எடுத்துக்கொள்ளும் பங்கைக் கழியுங்கள். விண்டோஸ் 11 குறைந்தது 64 ஜிபி டிஸ்க் கேட்கிறது, உபுண்டு டெஸ்க்டாப்புக்கு 25 ஜிபி போதும். 1 டிபி டிஸ்க்கில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது, 128 ஜிபி என்றால் பாதியை விண்டோஸுக்கே ஒதுக்க வேண்டியிருக்கும். லினக்ஸிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: லினக்ஸில் பரவலான கோப்பு முறையான இஎக்ஸ்டி4 (ext4) வழக்கமாக 5 சதவீதத்தை ரூட்டுக்கென்று, அதாவது சிஸ்டத்தின் நிர்வாகிக் கணக்குக்கென்று ஒதுக்கி வைக்கும், 1 டிபியில் அது சுமார் 50 ஜிபி. வெறும் கோப்புகள் மட்டும் வைக்கும் டிஸ்க்காக இருந்தால் டியூன்2எஃப்எஸ் (tune2fs) கட்டளை கொண்டு 1 சதவீதமாகக் குறைத்துவிடலாம், சிஸ்டம் இருக்கும் பார்ட்டிஷனில் (டிஸ்க்கின் பகுதியில்) மட்டும் கை வைக்காதீர்கள்.

சரி, காசு உண்மையில் எங்கே போகிறது என்றால், கூடுதல் இடத்துக்குத்தான். ஒரே லேப்டாப் மாடலின் 256 ஜிபி, 512 ஜிபி விலைகளைக் கழித்து, வரும் தொகையை 256-ஆல் வகுங்கள். கூடுதலாக வாங்கும் ஒவ்வொரு ஜிபிக்கும் அந்த நிறுவனம் வாங்கும் விலை அதுதான். அதைத் தனியாக விற்கும் எஸ்எஸ்டியின் ஜிபி விலையோடு வைத்துப் பாருங்கள். எம்.2 ஸ்லாட் (எஸ்எஸ்டியைக் கழற்றி மாட்டும் இடம்) உள்ள லேப்டாப்பில் ஓடுவது விண்டோஸோ லினக்ஸோ, சின்ன டிஸ்க்கோடு வாங்கிப் பிறகு மாற்றிக்கொள்ளலாம், சில மெல்லிய மாடல்களில் அது முடியாது என்பதால் வாங்கும் முன் பார்த்துவிடுங்கள். இப்போதைய மேக்புக்குகளில் ஸ்டோரேஜ் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே மேக் வாங்குபவர்கள் மூன்று நான்கு வருடத்துக்குத் தேவையான இடத்தை இன்றே கணக்கில் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் வெளியே செருகும் எஸ்எஸ்டியின் விலையையும் மேக் பக்கத்தில் கூட்டிய பிறகே ஒப்பிட வேண்டும்.