பெயர் தெரியாத பழைய பாட்டின் மூலத்தைத் தேடுவது எப்படி? புதியவர்களுக்கான செய்முறை

பழைய கேசட்டிலோ வீடியோ நாடாவிலோ ஒரு பாட்டு இருக்கிறது. பாடியது யார், எந்த நாடு, எந்த வருடம், எதுவும் தெரியாது. அப்படி ஒரு பாட்டு கையில் இருந்து, முதன்முதலாகத் தேடக் கிளம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் பாட்டின் வரிகளையே பிடித்துக்கொண்டு தேடுகிறார்கள். என் கருத்தில் அதைவிடப் பெரிய தடயம், அந்தப் பதிவு எந்த வழியாக நம் கைக்கு வந்தது என்பதுதான். அதனால் அங்கிருந்தே தொடங்குவோம்.

முதல் படி: பதிவைப் பத்திரப்படுத்துங்கள்

கேசட்டை ஒருமுறை நல்ல டெக்கில் ஓட்டி, இருபுறமும் முழுதாகக் கணினியில் ஏற்றுங்கள். கோப்பு, ஒலியில் எதையும் இழக்காத வேவ் அல்லது ஃபிளாக் வடிவில் இருக்கட்டும். எம்பி3 வேண்டாம். அது இடத்தை மிச்சப்படுத்த உச்ச அதிர்வெண்களை வெட்டிவிடும், நமக்கு வேண்டிய தடயங்கள் சில அங்கேதான் இருக்கின்றன. இரைச்சலைச் சுத்தம் செய்யும் ஆசையையும் அடக்கிக்கொள்ளுங்கள். இரைச்சலும் சாட்சிதான்.

அப்புறம், தெரிந்ததையெல்லாம் எழுதி வையுங்கள்: கேசட்டின் நிறுவனம், வகை, உறைமேல் உள்ள எழுத்து, யாரிடமிருந்து வந்தது, எந்த வானொலி நிலையம். முக்கியமாக, இந்தப் பாட்டுக்கு முன்னும் பின்னும் என்ன பதிவாகியிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்துப் பாட்டு 1984 மே மாதம் வெளியானது என்று தெரிந்து, இரண்டும் ஒரே மூச்சில் பதிவானவை என்றால், உங்கள் பதிவு அதற்கு முந்தையதாக இருக்க முடியாது. அறிவிப்பாளரின் அரை வாக்கியம் ஒட்டியிருந்தால் அதை வெட்டாதீர்கள். அது தங்கம்.

இரண்டாம் படி: இயந்திரங்களிடம் கேளுங்கள்

பாட்டைக் கேட்டுப் பெயர் சொல்லும் ஷசாம் போன்ற செயலிகள் ஒரு குறிப்பிட்ட ஒலிப்பதிவின் கைரேகையைத்தான் தேடுகின்றன. அதே பாட்டின் மேடைப் பதிவோ வேறொருவர் பாடியதோ பட்டியலில் இருந்தாலும் பெரும்பாலும் பொருந்தாது. கேசட் வேகம் மாறி ஓடியிருந்தாலும் தவறிப்போகலாம். அதனால் வேகத்தை 2 முதல் 6 சதவீதம் வரை கூட்டியும் குறைத்தும் திரும்பத் திரும்பக் கேட்டுப் பாருங்கள். மெட்டை முணுமுணுத்துத் தேடும் வசதி கூகுளில் 2020 முதல் இருக்கிறது, அதையும் முயலுங்கள். யூடியூபில் பாட்டைத் தனிப்பட்ட காணொளியாக ஏற்றினால், பதிப்புரிமைக் கண்காணிப்பு சில சமயம் பெயரைத் தானே சொல்லிவிடும். எதுவும் கிடைக்கவில்லையா? சரி, இனிமேல்தான் உண்மையான வேலை.

மூன்றாம் படி: வரிகளை எழுதுங்கள், ஆனால் நம்பிவிடாதீர்கள்

இரண்டு மூன்று பேர் தனித்தனியாகக் கேட்டு எழுதி, பிறகு ஒப்பிடுங்கள். ஒத்துப்போகும் சொற்களை மட்டும் உறுதியானவையாக வையுங்கள், மற்றவற்றுக்குப் பக்கத்தில் மாற்று ஊகங்களை எழுதுங்கள். இணையத்தில் தேடும்போது மூன்று நான்கு சொற்களுக்கு மேல் மேற்கோள் குறிக்குள் போடாதீர்கள். ஒரு சொல் பிழையானாலும் முழுத் தேடலும் வீண்.

திரும்பத் திரும்ப வரும் வரிதான் தலைப்பு என்று நினைப்பதும் ஆபத்து. ஜெர்மனியின் என்டிஆர் வானொலியிலிருந்து 1980களில் பதிவான ஒரு பாட்டு, 2007-இல் இணையத்துக்கு வந்தது. பல வருடங்கள் அதை 'லைக் தி விண்ட்', 'பிளைண்ட் தி விண்ட்' என்றெல்லாம் அழைத்தார்கள். 2024 நவம்பரில் உண்மை தெரிந்தபோது, அது கீல் நகரத்து ஃபெக்ஸ் என்ற குழுவின் 'சப்வேஸ் ஆஃப் யுவர் மைண்ட்'.

நான்காம் படி: ஒலியின் படத்தைப் பாருங்கள்

எனக்கு மிகவும் பிடித்த படி இது. இலவச மென்பொருளான ஆடாசிட்டியில் கோப்பைத் திறந்து ஸ்பெக்ட்ரோகிராம் காட்சிக்கு மாறுங்கள். கிடைமட்டம் நேரம், செங்குத்து அதிர்வெண். பாட்டோடு சேராமல், ஆரம்பம் முதல் கடைசிவரை நேர்க்கோடாக ஓடும் எதையும் விடாதீர்கள்.

15,000 ஹெர்ட்ஸுக்கு மேல் இசை சட்டென்று நின்றுபோனால், அது எஃப்எம் வானொலியிலிருந்து வந்திருக்கலாம். 15,700 ஹெர்ட்ஸை ஒட்டி மெல்லிய கோடு தெரிந்தால், பழைய குழாய்த் தொலைக்காட்சியோ வீடியோ கருவியோ அருகில் இருந்திருக்கிறது. வட அமெரிக்காவிலும் ஜப்பானிலும் இருந்த என்டிஎஸ்சி என்ற தொலைக்காட்சி ஒளிபரப்பு முறையில் அந்தக் கோடு 15,734-இல் விழும், ஐரோப்பாவில் பரவலாக இருந்த பால் (PAL) முறையில் 15,625-இல்.

2021-இல் ஒருவர் இணையத்தில் போட்ட 17 விநாடித் துணுக்கில் இந்த 15,734 கோடுதான் தேடலை என்டிஎஸ்சி நாடுகள் பக்கம் திருப்பியது. 'எவ்ரிஒன் நோஸ் தட்' என்று எல்லோரும் அழைத்த அந்தப் பாட்டின் உண்மைப் பெயர் 'அல்டீரியர் மோட்டிவ்ஸ்' என்று 2024 ஏப்ரலில் தெரிந்தது.

ஆனால் இரண்டு எண்களுக்கும் வித்தியாசம் 1 சதவீதத்துக்கும் குறைவு. கேசட் டெக்கின் வேகம் அவ்வளவு மாறுவது சாதாரணம். ஆகவே வேகத்தைச் சரிபார்க்காமல் நாட்டை முடிவு செய்யாதீர்கள். அதற்கு, பாட்டுக்கு அடியில் கேட்கும் மின்சார ரீங்காரம் உதவும். ஐரோப்பாவில் அது 50 ஹெர்ட்ஸ், வட அமெரிக்காவில் 60. ரீங்காரம் 51.5-இல் தெரிந்தால், 50 ஹெர்ட்ஸ் நாட்டில் பதிவான நாடா 3 சதவீதம் வேகமாக ஓடுகிறது, அதாவது சுருதி கிட்டத்தட்ட அரைச் சுரத்தில் பாதி ஏறியிருக்கிறது என்று பொருள் கொள்ளலாம். மிகச் சரியாக 50-இலோ 60-இலோ நிற்கும் ரீங்காரம், இப்போது நீங்கள் கணினியில் ஏற்றும்போது சேர்ந்ததாக இருக்கலாம். இரண்டையும் பிரித்துப் பாருங்கள்.

ஐந்தாம் படி: வாத்தியங்களின் வயது

இங்கே கிடைப்பது கீழ் எல்லை மட்டும். யமஹா டிஎக்ஸ்7 கீபோர்டு 1983-இல் வந்தது, பாடகரின் சுருதியைத் திருத்தும் ஆட்டோடியூன் மென்பொருள் 1997-இல். அவற்றின் ஒலி உறுதியாகக் கேட்டால் பாட்டு அதற்கு முந்தையது அல்ல. பிந்தையதாக எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கலாம்.

ஆறாம் படி: பட்டியல்களும் பழைய தாள்களும்

டிஸ்காக்ஸ், மியூசிக்பிரெயின்ஸ் ஆகிய இணைய இசைப் பட்டியல்கள் இரண்டிலும் வருடம், நாடு, பாணி வைத்து வடிகட்டுங்கள். பாடலாசிரியர் உரிமைச் சங்கங்களான அஸ்கேப், பிஎம்ஐ, ஜெர்மனியின் கெமா ஆகியவற்றின் பட்டியல்களில் தலைப்பை வைத்துத் தேடலாம். 1978-க்குப் பிந்தைய அமெரிக்கப் பதிப்புரிமைப் பதிவுகளும் இணையத்தில் இருக்கின்றன.

இதெல்லாம் இசைத்தட்டாக வந்த பாட்டுக்கு நன்றாக உதவும். நீண்டகாலம் பிடிபடாமல் இருப்பவையோ பல சமயம் இசைத்தட்டாக வராதவை: வானொலிக்கு அனுப்பிய மாதிரிப் பதிவு, விளம்பரப் பாட்டு, ஏதோ படத்தின் பின்னணி. மேலே சொன்ன 17 விநாடிப் பாட்டு, 1986-இல் வெளியான வயதுவந்தோர் படம் ஒன்றின் பின்னணியில் ஒலித்தது. ஃபெக்ஸ் விஷயத்தில் வழி திறந்தது, அந்தக் காலத்து நாளிதழ்ச் செய்திகளில் அடிபட்ட இசைக்குழுக்களை ஒவ்வொன்றாகத் தேடிப்போன ஒருவரால். வட்டார நாளிதழ்க் காப்பகம், வானொலி நிகழ்ச்சி நிரல், இசைப்போட்டி முடிவுகள் ஆகியவற்றுக்குப் பொறுமையாக நேரம் ஒதுக்குங்கள்.

ஏழாம் படி: மற்றவர்களிடம் கேட்பது

பெயர் தெரியாத பாட்டை மற்றவர்களிடம் கேட்பதற்கான வாட்சாட்சாங் போன்ற தளங்களில் துணுக்கைப் போடும்போது உறுதியானவை ஒரு பக்கம், ஊகங்கள் ஒரு பக்கம் என்று பிரித்து எழுதுங்கள். 'இது இன்னாருடைய பாட்டு இல்லை, இப்படிச் சரிபார்த்தோம்' என்ற பட்டியலையும் சேர்த்துப் போடுங்கள். இல்லாவிட்டால் ஒரே பெயரைப் பத்துப் பேர் மறுபடி மறுபடி சொல்வார்கள்.

திடீரென்று ஒருவர் முழுப் பாட்டோடு வந்தால் ஆதாரம் கேளுங்கள். துணுக்கை வைத்துப் புதிதாகப் பாடிச் சேர்ப்பதும், இயந்திரத்தால் உருவாக்குவதும் இன்று எளிது. இரண்டு பதிவுகளையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவந்து, பாடகர் மூச்சு எடுக்கும் இடங்களையும் டிரம் அடிகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒரே பதிவென்றால் இம்மி பிசகாமல் பொருந்தும்.

பாடியிருக்கக்கூடியவரின் பெயர் தெரிந்துவிட்டால், ஒரே ஒருவர் மட்டும் எழுதட்டும், ஒரு முறை மட்டும். நூறு பேர் ஒரே நாளில் எழுதினால் அவர் பயந்து கதவைச் சாத்திக்கொள்வார். துணுக்கை இணைத்து, 'இது உங்கள் குரலா?' என்று கேளுங்கள். முழுப் பதிவும் அவரிடம் இருந்தால், அதை வெளியிடுவதா, எப்போது, எந்தப் பெயரில் என்பதையெல்லாம் அவரே முடிவு செய்யட்டும். அவர் சம்மதம் சொல்லும்வரை பெயரைக்கூடப் பொதுவில் எழுதாதீர்கள்.