மோகனத்தில் தொடங்கலாம்: சோமாலி, அம்ஹாரிக், திக்ரின்யாப் பாடல்களைக் கேட்கப் பழகும் வழி

எத்தியோப்பியா, எரித்திரியா, சோமாலியா, ஜிபூத்தி ஆகிய நாடுகள் அடங்கிய ஆப்பிரிக்கக் கொம்பின் பாடல்களைக் கேட்க விரும்பும் தமிழருக்குப் பெரிய முன்தயாரிப்பு எதுவும் தேவையில்லை. ஓர் ஆர்மோனியம் அல்லது சிறிய கீபோர்டு, ஒரு குறிப்பேடு, ஒரே பாட்டை நான்கு முறை கேட்கும் பொறுமை ஆகியவை போதும். எத்தியோப்பியாவின் அம்ஹாரிக், எரித்திரியாவின் திக்ரின்யா, சோமாலியாவின் சோமாலி ஆகிய மொழிகள் புரியாதே என்ற தயக்கம் வேண்டாம். நம் காதுக்குப் பழகிய ஐந்து சுரங்கள் அங்கே முன்னரே காத்திருக்கின்றன.

இதை எனக்கு உணர்த்தியவர் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில், பாடலீசுவரர் கோயிலுக்கு அருகே வசிக்கும் முதிய நாகசுரக் கலைஞர் ஒருவர். பழைய அம்ஹாரிக் பாடல் ஒன்றைக் கைப்பேசியில் ஒலிக்கவிட்டு அவர் பக்கத்தில் வைத்தேன். கண்ணை மூடிக் கேட்டவர் இரண்டாம் நிமிடத்திலேயே, “இது மோகனமாச்சே தம்பி, எந்த ஊர்க்காரர் பாடுறாரு?” என்று கேட்டார். “எத்தியோப்பியாங்கய்யா” என்றேன். மறுபடி முதலிலிருந்து வைக்கச் சொன்னவர், “சுரம் நம்ம சுரந்தான், அசைவு அவங்க அசைவு. நாம காந்தாரத்தை இழுத்து வளைக்கிற இடத்துல இவரு நிறுத்திட்டு, குரலை மட்டும் பொடிப்பொடியா நடுங்க விடுறாரு” என்றார். இந்த வழிகாட்டியின் முதல் பாடமும் அதுதான்: சுரங்களில் உறவைத் தேடுங்கள், அசைவில் வேற்றுமையைத் தேடுங்கள்.

அம்ஹாரிக் இசையில் இராகத்துக்கு இணையாகச் சொல்லத்தக்க அமைப்புக்குக் ‘கிஞித்’ என்று பெயர். அவற்றுள் திஸிதா, பாத்தி, அம்பாஸெல், அஞ்சிஹோயெ ஆகிய நான்கும் முதன்மையானவை. ஒரு கட்டையைச் ஷட்ஜமாக வைத்துக்கொண்டு ஆர்மோனியத்தில் ச ரி2 க3 ப த2 என்று வாசித்தால் திஸிதாவின் சுரங்கள் கிடைத்துவிடும். அதே திஸிதாவுக்குச் சோகமான மறுவடிவம் ஒன்றும் உண்டு. நம் சிவரஞ்சனியில் தைவதத்தை மட்டும் அரைப்படி இறக்கினால் அதன் சுரங்கள் வந்துவிடும். பாத்தியின் ஒரு வடிவம் ச க3 ம1 ப நி3 என்று அமைந்து கம்பீரநாட்டையோடு ஒன்றுகிறது. சுவாமி புறப்பாட்டின்போது நாகசுரத்தில் மல்லாரி கேட்டு வளர்ந்தவருக்கு இதை விளக்கவே வேண்டாம். அதன் மற்றொரு வடிவம் சுத்த தன்யாசியின் சுரங்களைக் கொண்டது. அம்பாஸெல் ச ரி1 ம1 ப த1 என்று அமைவதால் கர்நாடக சுத்த சாவேரி தெரிந்தவருக்கு அடையாளம் தெரியும். இந்த ஒப்புமைகள் சுரத்தானங்களுக்கு மட்டுமே உரியவை என்பதை மறக்கக் கூடாது. அந்நாட்டுக் கிராமத்து யாழில் சுருதி கூட்டும் முறை ஆர்மோனியக் கட்டைகளோடு இம்மியும் பிசகாமல் பொருந்தும் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம்.

‘திஸிதா’ என்ற சொல்லுக்கு நினைவு, ஏக்கம் என்று பொருள். அது கிஞித்தின் பெயராகவும், அதில் பாடப்படும் பாடல்வகையின் பெயராகவும் விளங்குகிறது. பெரிய பாடகர் ஒவ்வொருவருக்கும் தனக்கென ஒரு திஸிதா உண்டு. ஒரே விருத்தத்தை மூன்று வித்துவான்கள் மூன்று விதமாக விரிப்பதைக் கேட்கும் மனநிலையோடு, மஹ்மூத் அஹ்மத், கெதாச்சௌ காஸா, பெஸாவொர்க் அஸ்ஃபௌ ஆகியோர் பாடிய திஸிதாக்களை ஒரே மாலையில் அடுத்தடுத்துக் கேளுங்கள். எது மோகனச் சாயலில் செல்கிறது, எது சோக வடிவத்தில் செல்கிறது என்பதைக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். இந்த ஒரு பயிற்சி பத்துக் கட்டுரைகளைப் படிப்பதைவிடப் பயன் தரும்.

தாளத்துக்கு என் வழி வேறு. புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் மாலையில் வாகனங்களைத் தடுத்த பிறகு, காதில் பாட்டை மாட்டிக்கொண்டு நடப்பேன். அம்ஹாரிக் பாடல்களில் மிகுதியாக வரும் ‘சிக்சிகா’ என்ற தாளம் மும்மூன்றாகப் பிரியும் திஸ்ர நடை. இரண்டு கால்களால் நடப்பவருக்கு அது முதலில் இடறும். காந்தி சிலையிலிருந்து சிறிது தொலைவு போவதற்குள் தோள் தானாக அசையத் தொடங்கிவிடும். அந்நாட்டின் ‘எஸ்கிஸ்தா’ ஆட்டமும் தோள்களால் ஆடப்படுவதே.

அடுத்ததாகப் பெயர்களைப் படிக்கும் முறையைத் தெரிந்துகொள்ள வேண்டும். எத்தியோப்பியர்களுக்கும் எரித்திரியர்களுக்கும் குடும்பப் பெயர் கிடையாது. முதலில் தன் பெயரும் பின்னர் தந்தை பெயரும் வரும். தலைப்பெழுத்து போடும் நமக்கு இது எளிதில் விளங்கும். ஆகவே திலாஹுன் கெஸெஸ்ஸெவைத் ‘திலாஹுன்’ என்றே குறிக்க வேண்டும், ‘கெஸெஸ்ஸெ’ என்று குறிப்பது அவர் தந்தையை அழைப்பதாகும். சோமாலியர்கள் தன் பெயர், தந்தை பெயர், பாட்டன் பெயர் என்று அடுக்குவதால் ஒரே பெயரைப் பலர் தாங்குகின்றனர். அதனால் பாடகர்களுக்குப் பட்டப்பெயர்களே நிலைத்துவிட்டன. ஹலீமா கலீஃப் என்ற பாடகியை அனைவரும் ‘மகூல்’ என்றே அறிவர். இணையத்தில் தேடும்போது மற்றொரு சிக்கல் எழும். சோமாலி மொழிக்கு 1972-இல் ரோமன் எழுத்து ஏற்கப்பட்டபோது, ‘சி’ என்ற எழுத்து அரபு அய்ன் ஒலிக்கும், ‘எக்ஸ்’ என்ற எழுத்து அழுத்தமான ஹகரத்துக்கும் ஒதுக்கப்பட்டன. எனவே அப்தி என்ற பெயரைச் ‘சி’யில் தொடங்கியும், ஹஸன் என்ற பெயரை ‘எக்ஸ்’இல் தொடங்கியும் தேடிப் பாருங்கள், அதுவரை கண்ணில் படாத பதிவுகள் வரிசையாக வரும். அம்ஹாரிக், திக்ரின்யாப் பாடல்களுக்கு அவற்றின் கீஸ் எழுத்தில் உள்ள தலைப்பையே படியெடுத்துத் தேடுவது நல்லது. எத்தியோப்பிய நாட்காட்டி நம் ஆண்டுக்கு ஏழெட்டு ஆண்டுகள் பின்தங்கியது. பழைய பதிவொன்றில் 1967 என்று இருந்தால் அது 1974-75 ஆகவும் இருக்கலாம்.

எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவின் இசைப் பொற்காலமாகக் கருதப்படுவது 1960-களின் இறுதியிலிருந்து 1970-களின் நடுப்பகுதி வரையிலான சில ஆண்டுகளே. பேரரசரின் மெய்க்காவல் படையும் காவல் துறையும் வைத்திருந்த பித்தளை வாத்தியக் குழுக்களிலிருந்துதான் திலாஹுன், மஹ்மூத், அலெமாயெஹு எஷெதெ போன்றோர் எழுந்தனர். இசைத்தட்டு வெளியிடும் உரிமை அரசுசார் நிறுவனம் ஒன்றிடமே இருந்த காலத்தில், அம்ஹா எஷெதெ என்ற இளைஞர் 1969-இல் துணிந்து சொந்தமாக வெளியிடத் தொடங்கினார். அவருடைய முதல் தட்டுகள் இந்தியாவில் அச்சிடப்பட்டு அங்கே சென்றன என்பதை அறிந்தபோது எனக்குச் சொல்ல முடியாத மகிழ்ச்சி ஏற்பட்டது. 1974-இல் தெர்க் என்ற இராணுவ ஆட்சி வந்து ஊரடங்கு விதித்ததும் இரவு விடுதிகள் ஒடுங்கின, இசை கேசட்டுக்கு மாறியது. அக்காலப் பதிவுகளைப் பிரெஞ்சுக்காரரான பிரான்சிஸ் ஃபல்செத்தோ ‘எத்தியோப்பிக்ஸ்’ என்ற வரிசையாக 1990-களின் பிற்பகுதி முதல் தொகுத்தார். புதியவர் அதன் நான்காம் தொகுதியில் உள்ள முலாத்து அஸ்தத்கேயின் ஜாஸ் இசையிலிருந்தும், ஏழாம் தொகுதியில் உள்ள மஹ்மூதிலிருந்தும் தொடங்கலாம். கன்னித்துறவியான எமஹோய் செகெ-மர்யம் கெப்ரு பியானோவில் வாசித்த இருபத்தொன்றாம் தொகுதியை இரவின் அமைதியில், வேறெந்த வேலையும் செய்யாமல் கேட்க வேண்டும்.

சொற்களின் பக்கம் வரும்போது ‘மெழுகும் பொன்னும்’ என்ற மரபைத் தெரிந்துகொள்ளுங்கள். மேலே தெரியும் பொருள் மெழுகு, உள்ளே ஒளிந்த பொருள் பொன். காளமேகப் புலவரின் சிலேடையைச் சுவைத்தவர் இதை உடனே பிடித்துக்கொள்வார். மொழிபெயர்ப்பு கிடைக்கும் பாடல்களில், காதலியைப் பற்றியதாகத் தோன்றும் வரிக்கு மற்றொரு பொருளும் இருக்கிறதா என்று கருத்துரைகளில் அந்நாட்டவர் எழுதுவதைத் தேடிப் படிப்பது நல்ல பழக்கம்.

சோமாலிப் பாடலுக்கு வாசல் மோனை. அம்மொழிக் கவிதையில் முதல் அடியில் எந்த ஒலியை எடுத்தார்களோ அதே ஒலி கடைசி அடிவரை, ஒவ்வோர் அடியிலும் ஏதாவதொரு சொல்லின் முதலெழுத்தாக வந்தாக வேண்டும். உயிரொலிகள் யாவும் தமக்குள் மோனையாகும். நாம் ஓரடிக்குள் தேடும் மோனையை அவர்கள் பாட்டு முழுவதும் சுமக்கிறார்கள். ஆகவே முதல் முறை கேட்கும்போது பொருளைத் தேடாமல், திரும்பத் திரும்ப வரும் முதலொலி எது என்று மட்டும் காதால் தேடிப் பிடியுங்கள். அங்கே சொல்லைக் கவிஞர் இயற்றுவார், மெட்டை மற்றொருவர் அமைப்பார், பாடுபவர் மூன்றாமவர். ஹத்ராவி என்ற பெருங்கவிஞர் எழுதி, ஹஸன் ஆதன் சமதர் பாடிய ‘பெலெத்வெய்னெ’ இந்த மூன்று கைகளின் வேலையையும் பிரித்துக் காணத் தகுந்த பாடல்.

வரலாறு 1940-களில் லாரி ஓட்டுநரான அப்தி சினிமோ பாடிய ‘பல்வோ’ என்ற குறும் காதற்பாடல்களிலிருந்து விரிகிறது. சமயப் பெரியோர் பலர் எதிர்த்தும் அது பரவி, பின்னர் நீண்ட ‘ஹீலோ’ பாடல்களாக வளர்ந்தது. அப்துல்லாஹி கர்ஷே, ஹுதெய்தி ஆகியோர் ஊத் என்ற நரம்பிசைக் கருவியை அப்பாடல்களின் உயிராக்கினர். ஊத் மட்டும் ஒலிக்கும் எளிய பதிவுகளை முதலில் கேளுங்கள். துர்-துர், இஃப்தின் போன்ற 1970, 80-களின் துள்ளல் குழுக்களுக்கு அதன் பிறகு வரலாம். இந்தப் பாடல்கள் நம்மை வந்தடைந்ததே பெரும் பேறு. 1988-இல் வடக்கே உள்ள ஹர்கெய்சா நகரின்மீது, அப்போது சோமாலியாவை ஆண்ட சியாத் பாரேயின் அரசு குண்டு வீசியபோது, வானொலி நிலையத்தின் நாடாக்களைச் சிலர் முன்கூட்டியே மண்ணில் புதைத்தும் அண்டை நாடுகளுக்குக் கடத்தியும் காப்பாற்றினர். அந்நகரின் ரெட்சீ பண்பாட்டு மையம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கேசட்டுகளைப் பேணி வருகிறது. அங்கிருந்து தேர்ந்தெடுத்த பாடல்களைக் கொண்ட ஒஸ்தினாதோ என்ற இசை வெளியீட்டு நிறுவனத்தின் 2017 தொகுப்பு கிராமி விருதுக்கும் பரிந்துரைக்கப்பட்டது. கொரகொரவென்ற நாடா இரைச்சலைக் குறையாக எண்ணாதீர்கள். மண்ணுக்கடியில் கிடந்து வந்த குரல்கள் அவை.

புதுச்சேரிக்காரர்கள் ஜிபூத்தியைத் தனியாகக் கேட்க வேண்டும் என்பது என் விருப்பம். நம்மைப் போலவே பிரெஞ்சு ஆட்சியில் இருந்து 1977-இல் விடுதலை பெற்ற துறைமுக நாடு அது. அதன் வானொலிக் குழுவான ‘குரூப் ஆர்டிடி’ 2020-இல் வெளியிட்ட இசைத்தொகுப்பில் சோமாலிக் குரலோடு சாக்ஸஃபோனும் ரெக்கே தாளமும் இந்திப் பாட்டின் சாயலும் கலந்து வரும். பிரெஞ்சு அறிந்தவர்களுக்கு அவர்களைப் பற்றிய செய்திகளும் எளிதில் வசப்படும்.

திக்ரின்யாவில் முதல் எச்சரிக்கை அரசியல் சார்ந்தது. எரித்திரியா 1991 வரை எத்தியோப்பியாவின் பிடியில் இருந்ததால், அதன் தலைநகர் அஸ்மாராவின் பழைய பாடல்கள் பலவும் எத்தியோப்பிய இசை என்றே சேர்த்து விற்கப்பட்டன. அதே மொழியைப் பேசும் திக்ராய் எல்லைக்கு இப்பால் எத்தியோப்பியாவில் இருக்கிறது. கிரோஸ் அலெமாயெஹு அங்கிருந்து வந்தவர். யார் எந்தப் பக்கத்தவர் என்று சரிபார்த்த பின்னரே அவர்களைப் பற்றிப் பேசுங்கள். அம்மக்களுக்கு அது உயிரோடு கலந்த செய்தி. கேட்பதற்குக் ‘கிரார்’ என்ற சிறு யாழின் வெட்டொலியையும், இதயத் துடிப்புபோல இரட்டையாக விழும் ‘கெபெரோ’ முழவையும் பற்றிக்கொள்ளுங்கள். பெரெகெத் மெங்கிஸ்தெஆப், செஹாய்து பெராகி இருவரும் கிராரோடு பாடியவர்கள். தெவொல்தெ ரெத்தா பாடிய ‘ஷிகெய் ஹபுனி’ மேலோட்டத்தில் ‘என் தீப்பந்தத்தைத் தாருங்கள்’ என்று கேட்கும் பாட்டு. கேட்டவர்கள் அந்தத் தீப்பந்தத்தை விடுதலையாக விளங்கிக்கொண்டனர். புலம்பெயர்ந்தோரின் பிரிவைப் பாடிய யெமானே பாரியா 1997-இலும், புதிய தலைமுறையைக் கவர்ந்த ஆப்ரஹாம் அஃபெவெர்கி 2006-இல் மஸ்ஸாவா கடலிலும் மறைந்தனர். இன்றைய குரல்களில் ஹெலன் மெலெஸைத் தவறவிடாதீர்கள்.

இன்றைய பாடல்களில் தெடி அஃப்ரோவின் அம்ஹாரிக் பாடல்களையும், 2021-இல் சிறு காணொளிகள் வழியே உலகெங்கும் பரவிய நிம்கோ ஹேப்பியின் ‘இஸீ நஃப்தா’வையும் இளையோர் தாமாகவே கண்டடைவர். அவற்றிலிருந்து பின்னோக்கி வருவதிலும் தவறில்லை.

அஞ்சிஹோயெவைக் கடைசியாக வையுங்கள். ச ரி1 ம1 ம2 த2 என்று செல்லும் அதில் பஞ்சமம் கிடையாது. இரண்டு மத்திமங்களும் அடுத்தடுத்து நிற்கும். நாகசுரக் கலைஞரிடம் இந்தச் சுரங்களை எழுதிக் கொடுத்தேன். சீவாளியை நனைத்து மூன்று முறை ஏறி இறங்கினார், மூன்று முறையும் விரல் பஞ்சமத்தில் போய் உட்கார்ந்தது. “விரல் பழக்கம் விடமாட்டேங்குது தம்பி, அந்தப் பாட்டை எனக்கு அனுப்பி வையி” என்றவர், மறுநாள் காலை ஆறு மணிக்கே அழைத்து, தொலைபேசியிலேயே பஞ்சமம் படாமல் வாசித்துக் காட்டினார்.