கிணற்றடியில் ஒரு கதிரை: கொழும்பு வீட்டிலிருந்தே பறவைப் படம் எடுக்கத் தொடங்குவது எப்படி

பறவைகளைப் படம் எடுக்க ஆசைப்பட்டு வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்த லென்ஸ் வாங்கலாம்?" என்பதைத்தான். "வீட்டில் நல்ல கதிரை இருக்கிறதா?" என்று நான் திருப்பிக் கேட்பேன். பகிடி விடுகிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள்.

எங்கள் வீடு தெஹிவளையில், கால்வாயிலிருந்து சற்றுத் தள்ளி இருக்கிறது. பத்துப் பேர்ச்சஸ் வளவு. ஒரு ஜாம் மரம், ஒரு மாமரம், மதிலுக்கு மேலால் எட்டிப் பார்க்கும் பக்கத்து வீட்டு ஈரப்பலா, வலை போட்டு மூடிய பழைய கிணறு. இவ்வளவுதான். இதற்குள்ளேயே நான்கு வருடங்களில் 41 வகைப் பறவைகளைக் கொப்பியில் குறித்திருக்கிறேன். இதில் என் கெட்டித்தனம் ஒன்றும் கிடையாது. கொழும்பு சதுப்பு நிலத்தின் மேலேயும் நடுவிலேயும் கட்டப்பட்ட நகரம். 2018ஆம் ஆண்டு, ராம்சார் என்ற சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்ற உலகின் முதல் 18 நகரங்களில் அதுவும் ஒன்று. நாம் வீடு கட்டியிருப்பது பறவைகளின் வழியில்.

முதல் வாரம்: கமரா அலுமாரியிலேயே இருக்கட்டும்

காலை ஆறு மணிக்கு ஒரு பிளேன்டீயோடு போய் உட்காருங்கள். ஒரே இடம், ஒரே கதிரை, முடிந்தால் மங்கலான ஒரே நிறச் சட்டை. கையில் ஒரு கொப்பி. நேரம், மரம், அது என்ன செய்தது என்ற மூன்றையும் எழுதினால் போதும். பெயர் தெரியாவிட்டால் "வால் ஆட்டும் கறுப்பு வெள்ளை" என்று எழுதுங்கள். அது குண்டுகரிச்சான் என்று பிறகு தெரிய வரும்.

என் கொப்பியின் முதல் பக்கம் இப்படி இருக்கிறது: "6.12 புலுனி ஏழு, மதில். 6.20 குண்டுகரிச்சான், மின்கம்பி, பாட்டு. 6.40 தேன்சிட்டு சோடி, செவ்வரத்தை. 6.55 செண்பகம், மதிலடி, நடை." மறுநாளும் அதற்கடுத்த நாளும் ஐந்து பத்து நிமிட வித்தியாசத்தில் அதே வரிகள். நான்காம் நாள் உங்களுக்கே ஒன்று விளங்கிவிடும்: நமது பஸ்களைவிடப் பறவைகள் நேரம் தவறாதவை. எந்த நேரத்தில் எந்தக் கொப்பில் எது வந்து இருக்கும் என்று தெரிந்துவிட்டால் பாதிப் படம் எடுத்த மாதிரி. அதற்குள் அவையும் கதிரையில் இருக்கும் உருவத்துக்குப் பழகிவிடும். முதலில் பழகுவது புலுனிகள்தான். சிங்களத்தில் இந்தக் குருவிக்குத் "தெமளிச்சா" என்று பெயர்; "தெமள" என்றால் தமிழ். ஏழு எட்டுப் பேர் மதிலில் வரிசையாக இருந்து ஒரே நேரத்தில் கதைப்பதைப் பார்த்த பிறகு, அந்தப் பெயருக்கு என்னால் ஆட்சேபம் தெரிவிக்க முடியவில்லை.

பெயர் கண்டுபிடிக்க மெர்லின் என்ற இலவசச் செயலியைக் கைபேசியில் இறக்கி, இலங்கைக்குரிய தொகுப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குரலைக் கேட்டும் சொல்லும், படத்தைக் காட்டினாலும் சொல்லும். எல்லோரும் ஒரு தடவையாவது ஏமாறுவது பெண் குயிலிடம்தான். ஆண் மட்டுமே கறுப்பு. பெண்ணுக்கு உடல் முழுவதும் மண்நிறத்தில் வெள்ளைப் புள்ளியும் கோடும் இருக்கும். இரண்டுக்கும் கண் சிவப்பு.

தண்ணீர் வையுங்கள், ஆனால் நுளம்புக்கு அல்ல

எந்தத் தீனியையும் விடப் பறவைகளை இறக்குவது தண்ணீர். அகலமான மண்சட்டி ஒன்று, இரண்டு விரல் ஆழத்துக்குத் தண்ணீர், கால் ஊன்ற நடுவில் ஒரு கல். ஆழம் கூடினால் சிறிய குருவிகள் இறங்காது. பூனை பதுங்கும் செடிகளிலிருந்து இரண்டு மூன்று மீற்றர் தள்ளி வையுங்கள்.

கொழும்பில் தண்ணீர்ச் சட்டி என்றால் டெங்கு ஞாபகம் வரவேண்டும். ஈடிஸ் நுளம்பு முட்டையைத் தண்ணீருக்குச் சற்று மேலே, சட்டியின் சுவரில் ஒட்டிவிடுகிறது. அந்த முட்டை காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஆகவே தண்ணீரை ஊற்றி நிரப்பினால் மட்டும் போதாது. தினமும் காலையில் கவிழ்த்து, தேங்காய்த் தும்பால் உட்புறத்தை அழுத்தித் தேய்த்துக் கழுவிய பிறகே புதுத் தண்ணீர் விட வேண்டும். ஊருக்குப் போவதானால் சட்டியைக் குப்புறப் போட்டுவிட்டுப் போங்கள். 2007ஆம் ஆண்டின் நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின்படி குடம்பி கண்டால் வழக்கு உண்டு. "குருவிக்கு வைத்தது ஐயா" என்று சொல்லிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் தப்ப முடியாது.

தீனியும் காகமும்

பழுத்த வாழைப்பழத்தையோ பப்பாசித் துண்டையோ ஆணியில் குத்தி வைத்தால் கொண்டைக்குருவியும் குக்குறுவானும் வரும். பாணும் மிக்ஸரும் வேண்டாம். என்னைக் கேட்டால் தட்டில் வைப்பதைவிட மரம் வைப்பது மேல். ஜாம் மரம் மூன்று வருடத்துக்குள்ளேயே பழுக்கத் தொடங்கிவிடும். பூக்குத்திக் குருவிகள் நாள் முழுவதும் அதில்தான். கறிவேப்பிலையைக் காய்க்க விட்டால் குயில் வரும். செவ்வரத்தைக்குத் தேன்சிட்டு.

காகம் தனிப் பிரச்சினை. சோறு வைக்காமல் சாப்பிடாத வீடு எங்களுடையது; புரட்டாதிச் சனி என்றால் கேட்கவே வேண்டாம். ஆனால் காகம் கூடும் இடத்தில் மற்றது எதுவும் இறங்காது. நாங்கள் காகத்துக்கான சோற்றை முன்பக்க மதிலுக்கு மாற்றிவிட்டோம். பிதிர்களுக்கு வாசல் எந்தப் பக்கம் என்றாலும் ஒன்றுதான் என்று அம்மா ஒத்துக்கொள்ள ஒரு மாதம் எடுத்தது.

யன்னல், கொப்பு, வெயில்

இனித்தான் கமரா. லென்ஸ் கேள்விக்கும் இங்கேதான் பதில் இருக்கிறது. தொடக்கநிலைக் கமராவின் சிறிய சென்சரில் (படம் பதியும் தகடு) 300 மில்லிமீற்றர் லென்ஸைப் பூட்டி 5 மீற்றர் தூரத்தைப் பார்த்தால், சுமார் 40 சென்ரிமீற்றர் அகலம்தான் படத்துக்குள் அடங்கும். கொண்டைக்குருவி 20 சென்ரிமீற்றர். படத்தின் அகலத்தில் பாதியை அதுவே நிரப்பிவிடும். அதே குருவி 10 மீற்றருக்கு அப்பால் இருந்தால் அதே அளவுக்கு 600 மில்லிமீற்றர் லென்ஸ் தேவை. அதன் விலையை ஒரு தடவை விசாரித்துப் பாருங்கள். நான் கதிரையைப் பற்றிக் கேட்டது இதற்காகத்தான்.

ஆகவே குருவியை ஐந்து மீற்றருக்குள் வரச் செய்வோம். விரல் பருமனுள்ள காய்ந்த மாங்கொப்பு ஒன்றை மணல் நிரப்பிய வாளியில் குத்தி, தண்ணீர்ச் சட்டிக்கு ஒரு மீற்றர் பக்கத்தில் வையுங்கள். பறவைகள் நேரே சட்டிக்குள் குதிக்காது. முதலில் கொப்பில் இருந்து சுற்றும் முற்றும் பார்க்கும். அந்த ஐந்து செக்கன்தான் உங்களுடையது.

கொப்புக்குப் பின்னால் குறைந்தது மூன்று நான்கு மீற்றருக்கு எதுவும் இருக்கக் கூடாது. அப்போதுதான் பின்னணி பச்சைக் குழம்பாகக் கரையும். என் முதல் படத்தில் கொண்டைக்குருவி நன்றாகத்தான் விழுந்திருந்தது. அதன் கொண்டையிலிருந்து முளைத்த மாதிரி கொடியில் ஓர் உள்பாவாடையும் காய்ந்துகொண்டிருந்தது. படம் எடுக்கும் முன் பறவையைப் பார்க்காமல் அதன் பின்னால் இருப்பதை ஒரு தடவை பாருங்கள்.

மறைவிடம் என்று கூடாரம் எதுவும் வேண்டாம், குசினி யன்னல் போதும். உள்ளே விளக்கை அணைத்து, திரைச்சீலையை லென்ஸ் நுழையும் அளவுக்கு விலக்குங்கள். கண்ணாடிக்கு ஊடாக எடுக்காதீர்கள், திறந்துவிடுங்கள். சூரியன் உங்கள் முதுகுப் பக்கமோ தோள்பக்கமோ இருக்குமாறு கொப்பின் இடத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

நாம் இருப்பது பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 7 பாகையில். வருடம் முழுவதும் 5.50க்கும் 6.30க்கும் இடையில் உதிக்கும் சூரியன் கிடுகிடுவென்று உச்சிக்கு ஏறிவிடும். எட்டரைக்குப் பிறகு கண்ணுக்குக் கீழே நிழல் விழும், வெள்ளை இறகு சுண்ணாம்பாக வெளுக்கும். அதன் பிறகு காலைச் சாப்பாடுதான்.

கமராவில் திருப்ப வேண்டியவை

லென்ஸ் துளையின் அளவு எஃப் 5.6 அல்லது 6.3, ஷட்டர் வேகம் குறைந்தது 1/1000 செக்கன், ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன்) தானாக மாறட்டும், உச்சம் 3200. தேன்சிட்டு என்றால் 1/2000. அசையாமல் நிற்கும் கொக்குக்கு 1/250 தாராளம். ஃபோகஸ் தொடர்ச்சி முறையில், புள்ளி கண்ணில். கண் தெளிவாக இருந்தால் வால் மங்கினாலும் படம் தப்பும். கண் மங்கினால் அழித்துவிடுங்கள். வெள்ளைக் கொக்கு இருண்ட பச்சைக்கு முன்னால் நின்றால் வெளிச்சத்தை ஒரு படி குறைக்க வேண்டும். வானத்துக்கு எதிரே காகம் என்றால் ஒரு படி கூட்ட வேண்டும். மற்றதெல்லாம் பழகப் பழக வரும்.

கைபேசி மட்டும் இருக்கிறவர்கள் மனம் தளர வேண்டாம். சட்டிக்கு இரண்டு அடி தள்ளி, ஒரு செங்கல்லில் கைபேசியைச் சாய்த்து, வீடியோவை ஓடவிட்டு உள்ளே போய்விடுங்கள். இருபது நிமிடம் கழித்து வந்து, அதிலிருந்து நல்ல கணத்தைப் படமாக எடுத்துக்கொள்ளலாம். குளிக்கும் மைனாவை இதைவிடக் கிட்ட என் லென்ஸாலும் எடுக்க முடியவில்லை. காகத்தின்மீது ஒரு கண் இருக்கட்டும், அது கைபேசியையும் கொத்திப் பார்க்கும்.

கடற்கரை வாசிகளுக்கு ஒன்று. உப்புக் காற்றும் ஈரலிப்பும் லென்ஸின் எதிரிகள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பைகளோடு வைக்காவிட்டால் கண்ணாடிக்குள் சிலந்திவலை மாதிரிப் பூஞ்சணம் பிடிக்கும். எனது பழைய லென்ஸ் ஒன்று அப்படித்தான் போனது.

தொடர்மாடியில் இருக்கிறவர்களுக்கு

வெள்ளவத்தைத் தொடர்மாடியில் வளவுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். மொட்டைமாடிக்குப் போங்கள். கீழே இருப்பவர்கள் வயிற்றைத்தான் பார்க்கும் செம்பருந்தை நீங்கள் முதுகுப் பக்கமாகப் பார்க்கலாம். அதற்கு முன் ஒரு வேலை: எதிர்வீட்டாரிடமும் காவலாளியிடமும் போய், குருவிதான் எடுக்கிறேன் என்று சொல்லி, நாலு படத்தையும் காட்டிவிடுங்கள். நீண்ட லென்ஸோடு யன்னல்களைப் பார்த்து நிற்கும் ஆளை யாரும் நல்லவன் என்று எண்ணமாட்டார்கள். நம் ஊரில், நம் பெயர்களோடு, இது வெறும் மரியாதைப் பிரச்சினையும் அல்ல. சோதனைச்சாவடிக் காலத்தைக் கண்டவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

வீடு அலுத்தால் தலங்கம வாவி, தலவத்துகொடையில் தியசரு பூங்கா, ஸ்ரீ ஜயவர்தனபுரக் கோட்டையில் பெத்தகான ஈரநிலப் பூங்கா, எங்களுக்குக் கிட்ட பெல்லன்வில–அத்திடிய சரணாலயம். நகர நடுவில் கூழைக்கடா பார்க்க பேரே வாவி. எங்கே போனாலும் கூட்டைக் கண்டால் கமராவை இறக்குங்கள். ஆள் நடமாட்டம் கூட்டைக் காகத்துக்குக் காட்டிக்கொடுத்துவிடும். கைபேசியில் குரலை ஒலிக்கவிட்டு அழைப்பதும் வேண்டாம். எல்லைக்குள் எதிரி வந்துவிட்டது என்று அந்தக் குருவி தீனியை விட்டு அலையும்.

ஒக்டோபருக்குத் தயாராகுங்கள்

வடக்கே குளிர் தொடங்கும்போது இந்தியாவிலிருந்து ஆறுமணிக்குருவி வந்து இறங்கும், ஏப்ரல் வரை இருக்கும். காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் கூவுவதால் அந்தப் பெயர். பச்சை, நீலம், வயிற்றடியில் குங்குமச் சிவப்பு, கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டி, கட்டை வால். மரத்தில் தேடாதீர்கள். நிலத்தில், நிழலில், உதிர்ந்த இலைகளைப் புரட்டிப் புழு தேடிக்கொண்டிருக்கும்.

இலை கிடந்தால்தான் அது வரும். விடிய எழும்பி முற்றம் கூட்டாத வீட்டில் மூதேவி குடியிருப்பாள் என்று வளர்ந்த அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது? பெரிய வாக்குவாதத்துக்குப் பிறகு கிணற்றுக்குப் பின்னால் ஒரு பாய் விரிக்கும் அளவு மூலை எனக்குக் கிடைத்தது. சிரட்டை, பேணி, தண்ணீர் தேங்கும் எதுவும் அதற்குள் இருக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. அது நியாயமான நிபந்தனை.

முதல் வருடம் அது வந்தபோது மாலை 5.50. குளிரூட்டிய அறையிலிருந்து கமராவைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தேன். வெளிக்காற்றுப் பட்டதும் லென்ஸ் முழுவதும் ஆவி. துடைத்தேன், மறுபடி படிந்தது. மறுபடி துடைத்தேன். நாலடி தூரத்தில் அது நிதானமாக ஒவ்வோர் இலையாகப் புரட்டிவிட்டு மதிலோரம் நடந்து மறைந்தது. குளிரூட்டிய அறையில் கமரா வைக்கிறவர்கள் அரை மணித்தியாலத்துக்கு முன்பே, மூடிய பைக்குள் வைத்தபடி, வெளியே கொண்டுவந்துவிடுங்கள்.

நல்லவேளை, இந்தக் குருவி குளிர்காலத்துக்கு ஓர் இடத்தைப் பிடித்தால் அங்கேயேதான் சுற்றும். பதினோராம் நாள் கிடைத்தது: 1/60, ஐஎஸ்ஓ 6400, முழங்கையை யன்னல் விளிம்பில் ஊன்றியபடி. புள்ளி புள்ளியாகத்தான் இருக்கிறது படம். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "இது எங்கள் வீட்டு இலையா?" என்றார். அந்த மூலையில் இப்போது அவர் தும்புத்தடி வைப்பதில்லை. முன்முற்றத்தை மட்டும் இரண்டு தடவை கூட்டுகிறார்.