மோட்டார் தகட்டை வைத்து மின்சொற்களைக் கற்பது எப்படி?

பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம் போன்ற ஊர்களில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் தமிழர்களுக்கு மின்சாரம் கேரள மின்வாரியத்திலிருந்து வருகிறது. கிணற்று மோட்டாரோ பெரும்பாலும் கோயம்புத்தூரில் செய்யப்பட்டதாக இருக்கும். மின்வாரியம் எதுவானாலும், கடைக்காரர் தமிழில் பேசினாலும் மலையாளத்தில் பேசினாலும், வோல்ட், ஆம்பியர், வாட் ஆகிய அளவுகள் மாறுவதில்லை. இவற்றின் வரையறைகளை மனப்பாடம் செய்வதைவிட, மோட்டாரின் மேல் பதித்திருக்கும் தகட்டைத் துடைத்து அதை வரிவரியாகப் படிப்பதே விரைவான வழி.

முதலில் வோல்ட் என்ற எண்ணைத் தேடுங்கள். மின்சாரத்தைக் கொண்டுவரும் கம்பிக்கு ஃபேஸ் என்று பெயர். அது ஒன்றே உள்ள சிங்கிள் ஃபேஸ் மோட்டாரில் 230 என்றோ அதையொட்டியோ இருக்கும். த்ரீ ஃபேஸ் மோட்டாரில் 400 அல்லது 415 என்றிருக்கும். இரண்டு ஃபேஸ்களுக்கு இடையே உள்ள மின்னழுத்தமே இந்த 415. அதே இணைப்பில் ஒரு ஃபேஸுக்கும், மின்னோட்டம் திரும்பும் கம்பியான நியூட்ரலுக்கும் இடையே அளந்தால் ஏறத்தாழ 240 வரும். அடுத்து வருவது ஆம்பியர், அதாவது மின்னோட்டத்தின் அளவு. பம்பின் தகட்டில் தண்ணீரை ஏற்றும் ‘ஹெட்’ என்ற உயரமும் நிமிடத்திற்கு எத்தனை லிட்டர் என்ற கணக்கும் தனித்தனியாக இருப்பதைப் போன்றதே வோல்ட்டும் ஆம்பியரும்: முன்னது தள்ளும் அழுத்தம், பின்னது ஓடும் அளவு. ஓட்டத்தை எதிர்ப்பது மின்தடை. அதன் அலகு ஓம்.

மோட்டார் வைத்திருப்பவர் மிகக் கவனமாகப் படிக்க வேண்டிய எண் ஆம்பியர்தான். மின்கம்பி வரிசையின் கடைசியில் இருக்கும் தோட்டங்களில் மின்னழுத்தம் குறையும்போது, மின்னோட்டமும் குறையும் என்றே பலரும் எண்ணுகிறார்கள். ஹீட்டரில் அது சரி. ஆனால் பளுவோடு ஓடும் மோட்டார் அதே வேலையைச் செய்து முடிக்க முயல்வதால் கூடுதல் ஆம்பியரை இழுத்து, சூடேறி, உள்ளிருக்கும் கம்பிச்சுருள் கருகிப்போகிறது. இதைக் கண்டுபிடிக்க, வயரைக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் ‘கிளாம்ப் மீட்டர்’ போதும். தண்ணீர் வந்துகொண்டிருக்கும்போது அதன் வாயில் ஒரே ஒரு வயரை மட்டும் கவ்வச் செய்யுங்கள். எல்லா வயர்களையும் சேர்த்துக் கவ்வினால் மின்னோட்டங்கள் ஒன்றையொன்று ஈடுசெய்து மீட்டர் சுழியத்தையே காட்டும். வந்த எண் தகட்டில் உள்ளதைவிட அதிகமானால் மின்னழுத்தத்தையும் பேரிங்கையும் பாருங்கள்; மிகவும் குறைந்திருந்தால் கிணற்றில் தண்ணீர் இறங்கியிருக்கலாம்; மூன்று ஃபேஸ்களில் ஒன்றில் மட்டும் சுழியம் வந்தால் உடனே மோட்டாரை நிறுத்திவிடுங்கள்.

பிறகு வருவது மின்திறன். ஒரு ஹெச்.பி., அதாவது குதிரைத்திறன், என்பது 746 வாட். எனவே 5 ஹெச்.பி. மோட்டாரின் தகட்டில் 3.7 கிலோவாட் என்றிருக்கும். இது மோட்டாரின் தண்டு வெளியே தரும் திறனே தவிர, கம்பியிலிருந்து அது எடுக்கும் திறன் அன்று. மோட்டாரின் செயல்திறன் 75 சதவீதம் என்று கொண்டால் ஏறத்தாழ 5 கிலோவாட் உள்ளே போக வேண்டும். ஒரு மணி நேரம் ஓடினால் மீட்டரில் சுமார் 5 யூனிட் ஏறும். கிலோவாட் (1,000 வாட்) என்பது மின்சாரம் செலவாகும் வேகத்தைச் சொல்வது, யூனிட் என்பது செலவான மொத்தத்தைச் சொல்வது: ஒரு கிலோவாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 75 வாட் மின்விசிறி ஒரு யூனிட்டுக்குப் பதின்மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகச் சுற்றும்.

இன்வெர்ட்டர் வாங்கும்போது வாட் இருக்க வேண்டிய இடத்தில் வி.ஏ. என்று எழுதியிருப்பார்கள். வோல்ட்டையும் ஆம்பியரையும் அப்படியே பெருக்கிய எண் அது. அந்த வி.ஏ.யில் எவ்வளவு பங்கு உண்மையான திறனாகிறது என்பதைக் காட்டும் பவர் ஃபேக்டரையும் சேர்த்துப் பெருக்கினால்தான் வாட் கிடைக்கும், அந்த வாட் எப்போதும் வி.ஏ.யைவிட அதிகமாகாது. பேட்டரியில் 12 வோல்ட், 150 ஆம்பியர்-ஹவர் என்றிருந்தால் 1,800 வாட்-மணி, அதாவது காகிதக் கணக்கில் 1.8 யூனிட், கைக்கு வருவது அதைவிடக் குறைவு.

பாதுகாப்புச் சொற்களில் ஒரு குழப்பத்தை மட்டும் நீக்கிக்கொள்வது அவசியம். எம்.சி.பி. என்ற தானியங்கி ஸ்விட்ச் காப்பது வயரை: பளு மிகுந்தாலோ ஷார்ட் சர்க்யூட் ஆனாலோ அது தானாக விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும். மனிதரைக் காப்பது ஆர்.சி.சி.பி. என்ற கசிவுத் தடுப்பு ஸ்விட்ச்; ஃபேஸில் போன மின்னோட்டம் நியூட்ரலில் திரும்பாமல் வேறு வழியில் கசியும்போது அது துண்டிக்கும், வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் வகையே ஏற்றது. ஒன்று இருப்பதால் மற்றதும் எர்த் கம்பியும் தேவையில்லை என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கெப்பாசிட்டர், அதாவது மின்தேக்கி, ஸ்விட்சை நிறுத்திய பின்னும் மின்னூட்டத்தைச் சிறிது நேரம் பிடித்துவைத்திருக்கும். ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறப்பவர் இதை நினைவில் வைக்க வேண்டும்.

எலக்ட்ரானிக்ஸ் சொற்களுக்கு ரவுட்டரின் அடாப்டரே போதிய பாடம். ‘இன்புட்’ வரியில் அலைபோன்ற குறி இருந்தால் ஏ.சி., அதாவது மாறுமின்னோட்டம். அங்குள்ள 50 ஹெர்ட்ஸ், அது நொடிக்கு எத்தனை முறை மாறிச் சுழல்கிறது என்பதைச் சொல்கிறது. ‘அவுட்புட்’ வரியில் நேர்கோடும் அதன் கீழ்ப் புள்ளிக்கோடும் இருந்தால் டி.சி.; அடாப்டருக்குள் இருக்கும் டையோடுகள் மின்னோட்டத்தை ஒரே திசையில் விடுவதால் இந்த மாற்றம் நடக்கிறது. பழைய அடாப்டர் கெட்டு வேறொன்று வாங்கும்போது வோல்ட் அதே எண்ணாக இருக்க வேண்டும். ஆம்பியர் அதே அளவாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. பின்னின் நடுமுனை பாசிட்டிவா நெகட்டிவா என்பதைக் காட்டும் சிறு வட்டப் படமும் பழையதோடு பொருந்துகிறதா என்று பார்த்த பிறகே செருகுங்கள்.