வாட்சோ – போட்ஸ்பியோர்ட்: 60 கிலோமீட்டரா, 170 கிலோமீட்டரா?

நோர்வேயின் வடகோடியில், பின்மார்க்கில் வேலை கிடைத்து வருகிறவர்கள் முதலில் வரைபடத்தைத் திறந்து தூரம் பார்ப்பார்கள். அங்கேயுள்ள வாட்சோ, போட்ஸ்பியோர்ட் என்ற இரண்டு சிறிய ஊர்களுக்கும் இடையே நேர்கோட்டில் சுமார் 60 கிலோமீட்டர். யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சிக்குப் போகிற அளவுதான். பிளேனில் கால் மணி, மிஞ்சினால் இருபது நிமிடம். ஏறி பெல்ட் போட்டதும் இறங்கச் சொல்வார்கள்.

அதையே காரில் போனால் கிட்டத்தட்ட 170 கிலோமீட்டர். நடுவில் கிடப்பது வரங்கர் தீபகற்பத்தின் மொட்டை மலை. குறுக்கே றோட்டு இல்லை. மேற்கே வரங்கர்பொத்ன், தானா புரு என்று சுற்றி, பிறகு வடக்கே ஏறி இறங்க வேண்டும்.

நான் வந்தது ஒரு ஜனவரியில். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கும் வெளியே நீலமாக மங்கல் வெளிச்சம்தான். போட்ஸ்பியோர்டுக்கு மேல் பிளேன் இரண்டு தரம் சுற்றியது. விமானி நோர்வேஜிய மொழியில் ஏதோ சொன்னார். பக்கத்து சீற் அம்மா பின்னல் ஊசிகளை மடியில் வைத்துவிட்டு, என்னைப் பார்த்து, "வாட்சோ" என்று மட்டும் சொன்னார். அங்கே இறக்கி மினிபஸ்ஸில் ஏற்றினார்கள். மலையடிவாரத்தில் தடைக்கட்டை போட்டிருந்தது. பனி தள்ளும் வண்டி வரும்வரை காத்திருந்து, அதன் பின்னால் வரிசையாக எல்லாரும் ஊர்ந்தோம். இதை இங்கே 'கொலொன்ன' என்பார்கள். இந்தச் சொல்லை முதல் கிழமையே படித்துக்கொள்ளுங்கள். இருபது நிமிடப் பயணம் முடிய இரவு எட்டு மணி.

ஆகவே ட்ரொம்சோ நகரில் இறங்கி அடுத்த பிளேனைப் பிடிக்க வேண்டுமென்றால் இரண்டு தனி ரிக்கெற் வாங்காதீர்கள். ஒரே ரிக்கெற்றாக எடுத்தால், முதல் பிளேன் பிந்தி அடுத்ததைத் தவறவிட்டாலும் மாற்றி அனுப்புவது விமானக் கம்பனியின் பொறுப்பு. காலநிலையால் ரத்தானால் நட்டஈட்டுக் காசு கிடைக்காது. ஆனால் சாப்பாடும், இரவு தங்க வேண்டி வந்தால் ஹோட்டலும் தரவேண்டும். வெட்கப்படாமல் கேளுங்கள், கேட்டால்தான் சிலவேளை ஞாபகம் வரும் அவர்களுக்கு.

இந்தச் சிறிய பிளேன்களில் பல 39 சீற் உள்ளவை. பஸ் மாதிரி ஊர் ஊராக இறங்கி ஏறும். ட்ரொம்சோவிலிருந்து சிர்கெனஸுக்கு வான்வழி 420 கிலோமீட்டர். நேரே பறந்தால் ஒரு மணித்தியாலமளவு. நடுவில் இரண்டு மூன்று இடங்களில் இறங்கினால் அது இரட்டிப்பாகும். பறக்கும் நேரத்தை மட்டும் பார்க்காமல், எத்தனை தரிப்பு என்றும் பாருங்கள். தரிப்பில் ஆட்கள் எழும்புகிறார்களே என்று நீங்களும் இறங்கிவிடாதீர்கள், ஊர்ப் பெயரைக் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

ஆஸ்பத்திரி அப்பொயின்ற்மெண்ட் என்றால் முதல் நாளே போய்விடுவது நல்லது. வைத்தியர் அனுப்பிய பயணமானால், உங்கள் பங்கு போக மிச்சச் செலவைத் திரும்பப் பெறலாம். ரசீதுகளை எறியாதீர்கள்.

காரில் போவதாக இருந்தால் புறப்பட முன் றோட்டு நிலவரம் சொல்லும் 175 என்ற போன் இலக்கத்துக்கு அழைத்து றோட்டு திறந்திருக்கிறதா என்று கேளுங்கள். டாங்கியை நிரப்பி, மண்வெட்டி, போர்வை, தேத்தண்ணீர் பிளாஸ்க் மூன்றையும் போட்டுக்கொள்ளுங்கள். அன்றைக்கு மினிபஸ் ஓட்டியவர் தன் பிளாஸ்கிலிருந்து ஊற்றித் தந்தது சீனி போடாத கறுப்புக் கோப்பி. இரண்டு கோப்பை குடித்தேன்.